டிரெய்னிங் மேடம்

“அந்தத் துண்டைப் பிரிங்க பாய்.”

“எதுக்கு?”

“பிரிங்கன்னா பிரிங்க.”

கலீலுல்லா பிரிக்கவில்லை. பூந்தமல்லி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வாட்ச்மேன் ஒருவர் அதட்டிக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. நெஞ்சோடு அணைத்திருந்த பூத்துவாலைச் சுருளை இன்னும் இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் காலை எடுத்து வைத்தார்.

துலுக்கானம் விசிலை ஊதினார். “கோடு பிங்கு, கோடு பிங்கு” என்று கத்தினார்.

இரும்பு கேட் மூடியது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. மேலே சிஸ்டர்கள் தொட்டில் தொட்டிலாக ஓடிக் குழந்தைகளை எண்ணினார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு சம்பந்தியம்மாள், தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த மருமகனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

துலுக்கானம் சுருளைப் பிடுங்கிப் பிரித்தார்.

பலாப்பழம்.

“புள்ள பெத்தவளுக்கு யாராவது பலாப்பழம் குடுப்பாங்களா பாய்? வயித்துக்கு ஆவாதே. அதான் சந்தேகம் வந்துச்சு” என்றார் துலுக்கானம், பழத்தை இரண்டு கையிலும் ஏந்தியபடி.

“புள்ள பெத்தவளுக்கு இல்லைய்யா. புள்ள பெறவைக்கிறவளுக்கு. உங்க டாக்டருக்கு நான் மாமா.”

அந்த டாக்டர் ஜஹானாரா அதற்குள் படியிறங்கி வந்திருந்தார். டிரங்க் ரோட்டில், மெட்ரோ வேலைக்காக அடைத்த தகடுகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி அவருடையது. பழத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு துலுக்கானத்தைப் பார்த்தார்.

“துலுக்கானம், பொம்மையை வெளியே எடுத்துட்டுப் போறவங்களைத்தானே பிடிக்கச் சொன்னாங்க? இவர் உள்ளே வர்றவர்.”

“வெளிய எடுத்துகினு போற பொம்மை மொதல்ல உள்ள வந்தாவணும் இல்லியா டாக்டர்?”

டாக்டர் பழத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிகளில் அவசரச் சமயத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிற கம்பெனி ஒன்றை டாக்டர் வரவழைத்திருந்தார். சிஸ்டர்களுக்குத் தனிப் பயிற்சி, லிஃப்ட்காரருக்குத் தனிப் பயிற்சி, காவலுக்குத் தனிப் பயிற்சி. குழந்தை காணாமல் போனால் ‘கோட் பிங்க்’ என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே சிஸ்டர் குழந்தைகளை எண்ண வேண்டும், லிஃப்ட் நிற்க வேண்டும், கேட் மூட வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை. கம்பெனி ஆள் ஒருவர் குழந்தை மாதிரி ஒரு பொம்மையைத் திருடிக்கொண்டு போவார். பிடிக்க வேண்டும்.

முதல் ஒத்திகையில் பயிற்சியாளர் ராஷித் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வாசல் வழியாகப் போனார். துலுக்கானம் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, சல்யூட் அடித்து, “வெயிலா கீது சார், கொழந்த தலைல துணியப் போடுங்க” என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து சிஸ்டர்கள் அவரைப் பார்த்தால் சல்யூட் அடிக்கிறார்கள்.

இந்த வாரம் இரண்டாவது ஒத்திகை. எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாது. ராஷித் வர மாட்டார், முகம் தெரியாத வேறொருவர் வருவார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். இந்த முறையும் கோட்டைவிட்டால் வேலை நிலைக்காது என்று துலுக்கானத்துக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் இருந்த கம்பெனியை மூடிய பிறகு ஒரு ஸ்கூட்டர் நிறுத்தத்தில் வெயிலில் நின்று டோக்கன் கிழித்தவர். இங்கே நாற்காலி இருக்கிறது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. புதிதாக அப்பா ஆனவர்கள் முதல் மிட்டாயை அவரிடம்தான் நீட்டுகிறார்கள். இதையெல்லாம் ஒரு பொம்மைக்காக விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

“இனிமே மூட்டையைப் பார்க்காதீங்க. ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் பலாப்பழத்தோடு போனார்.

துலுக்கானம் ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்.

திருட வருகிறவன் முகத்தில் பதற்றம் இருக்கும் என்று ராஷித் வகுப்பில் சொல்லியிருந்தார். சட்டை முழுக்க வியர்வையாக, கை நடுங்க, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓர் இளைஞன் உள்ளிருந்து ஓடி வந்தான். துலுக்கானம் அவன் கையைப் பிடித்தார்.

“எங்க இம்மாம் அவசரமா போற நைனா?”

“மருந்து… மருந்துக் கடை…”

“உன் ஊட்டுக்காரம்மா பேரு இன்னா?”

அந்த இளைஞன் விழித்தான். வாயைத் திறந்தான், மூடினான். கடைசியில், “சாமுண்டீஸ்வரி” என்றான்.

துலுக்கானம் மாடிக்குப் போன் போட்டார். அந்தப் பெயரில் யாருமே பிரசவத்துக்குச் சேரவில்லை.

“உக்காரு” என்றார் துலுக்கானம்.

சாமுண்டீஸ்வரி என்பது அவனுடைய அம்மாவின் பெயர் என்று கண்டுபிடிப்பதற்குள், மருந்தை மாமனாரே போய் வாங்கி வந்துவிட்டார். மேலே இவன் மனைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தை பிறந்த நேரத்தில் மாப்பிள்ளை எங்கே போயிருந்தார் என்று பெண் வீட்டார் கேட்க, வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக அவன் சொல்ல, நம்பாமல் ஒரு கூட்டமே வந்து துலுக்கானத்திடம் விசாரித்தது.

“பிரசவ ஆஸ்பத்திரியில பதறாத புருஷன் யாரு துலுக்கானம்?” என்று கேட்டார் டாக்டர்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இங்கே எல்லோரும் பதறுகிறார்கள். அப்படியானால் பதறாமல் வருகிறவர்தானே சந்தேகத்துக்குரியவர் என்று துலுக்கானம் யோசித்தார்.

மறுநாள் அப்படி ஒருவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். காதில் பாட்டுக் கேட்கும் கருவி, தோளில் பெரிய பை, முகத்தில் கடற்கரைக்கு வந்தது போன்ற அமைதி.

“யாரைப் பாக்கணும்?”

“ஆபரேஷன் தியேட்டர். நான் மயக்க டாக்டர், ஷாகிதா. வழக்கமா வர்றவங்க லீவு, அதனால என்னைக் கூப்பிட்டிருக்காங்க.”

“வழக்கமா வர்றவங்க லீவு” என்று துலுக்கானம் மெல்லத் திருப்பிச் சொன்னார். “மயக்க டாக்டர்ன்றதுக்கு இன்னா ஆதாரம்?”

“உங்களுக்கே ஒரு ஊசி போட்டுக் காட்டட்டுமா?”

பையைத் திறக்கச் சொன்னார். பைக்குள் ஊசிகளும் குழாய்களும் இருந்தன. பொம்மை இல்லை. ஆனால் பொம்மையை வைக்க இடம் இருந்தது. அவர் அந்த இடத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தபோது, மாடியில் டாக்டர் ஜஹானாரா கையுறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு மயக்க டாக்டருக்காகக் காத்திருந்தார்.

நல்லவேளையாகத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபரேஷன் முடிந்து கீழே வந்த டாக்டர் கத்தவில்லை. அவர் கத்தாதது துலுக்கானத்துக்குப் பயமாக இருந்தது.

“வெள்ளானூர்ல நமக்கு ஒரு கட்டடம் கட்டிட்டிருக்காங்க தெரியுமா? இன்னொரு தடவை நான் சொல்லாம இந்த விசில் சத்தம் கேட்டுச்சுன்னா, மறுநாள் காலையிலிருந்து நீங்க அங்கதான் காவல். அங்க குழந்தை கிடையாது. ஃபேன் கிடையாது. செங்கல் மட்டும்தான்.”

துலுக்கானம் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். வாசலில் கூட்டம் இல்லை. பின்பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், பின்படிக்கட்டில் இறங்கிவந்த பெண்ணைப் பார்த்தார்.

நாற்பது வயதிருக்கும். நீலப் புள்ளிப் புடவை. முந்தானைக்குள் ஒரு துணிச் சுருள். ஒவ்வொரு படியிலும் நின்று, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த படிக்குக் காலை வைத்தாள். சுருளின் ஓரத்தில் ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஆஸ்பத்திரிப் பட்டைகூடக் கட்டியிருந்தது.

துலுக்கானத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெள்ளானூர் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டார். சத்தமில்லாமல் போய் அவள் எதிரில் நின்றார்.

“வணக்கம் மேடம்” என்றார்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

“டிரெய்னிங் மேடம் தானே?”

“ஐயா… நான் ஒண்ணும் தப்பா…”

“தெரியும் மேடம். இப்படித்தான் எதுனா சொல்லுவீங்க, ஏமாறக் கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. ஆனா சூப்பரா பண்றீங்க. கண்ணுல தண்ணிகூட வந்துட்ச்சே.”

“இல்லய்யா, இந்தக் கொழந்தை…”

“இங்கேர்ந்து புள்ளைய வெளிய எடுத்துகினு போனா நேரா போலீசுதான். யார் எவருன்னு பாக்க மாட்டோம். டிரெய்னிங்கா இருக்கறதால நாம இப்படி நின்னு பேசிகினு கீறோம். நீங்க டிரெய்னிங் தானே?”

அவள் அவரையே பார்த்தாள். அவருக்குப் பின்னால் திறந்திருந்த கேட்டைப் பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “டிரெய்னிங்குதான்.”

துலுக்கானம் அவளை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே வந்து, வரவேற்பு மேசையருகே நின்றுகொண்டிருந்த சிஸ்டர் தேவிப்பிரியாவிடம் சுருளை வாங்கிக் கொடுத்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. “சல்யூட்லாம் வாணாம் சிஸ்டர். டிரெய்னிங் மேடத்தப் புடிச்சிட்டேன், டாக்டரக் கூப்பிடுங்க.”

தேவிப்பிரியா துணியை விலக்கினாள். பொம்மை கொட்டாவி விட்டது.

“ஐயோ, இது நெஜக் குழந்தைங்க” என்றாள் அவள். “நேத்து ஆபரேஷன் ஆச்சே, சிம்ரன், அவங்க குழந்தை.”

சிம்ரன் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டபோதும் அவள் கண் விழிக்கவில்லை. டாக்டர் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பெண்ணிடம் வந்தார்.

“நிஜக் குழந்தையையா எடுக்கறது? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “பொம்மைய எடுத்தா… யாரும் நம்ப மாட்டாங்கோ டாக்டர்.”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருந்தது. ஆனால் தன் ஆஸ்பத்திரியில் ஒரு நிஜக் குழந்தையைப் படிக்கட்டு வரைக்கும் எடுத்து வந்துவிட முடிகிறது என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“உங்க பேர்?”

“சரசா.”

“சரசா மேடம், எங்கெங்க தப்பு நடந்ததுன்னு எங்க ஆட்களுக்கு இப்பவே சொல்லிடுங்க. எல்லாரையும் கூப்பிடறேன்.”

சரசா வேண்டாம் என்றாள். நேரமாகிறது என்றாள். யாரும் விடவில்லை. ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. சுற்றிலும் சிஸ்டர்கள், ஆயாக்கள், லிஃப்ட்காரர், மருந்துக்கடைப் பெண் எல்லோரும் நின்றார்கள்.

“எனக்கு இப்படிலாம் பேச வராது” என்றாள் சரசா. “நடந்தத நடந்த மாதிரி சொல்றேன். மேல போனேன். நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல. ரூமாண்ட ஒரு சிஸ்டர் போன்ல டெய்லரோட சண்ட போட்டுகினு இருந்தாங்கோ, ஜாக்கெட்டு கை டைட்டா தெச்சிட்டான்னு. நான் உள்ள போயி புள்ளையத் தூக்கினேன். வெளிய வர்றப்போ அவங்களே காலை நகத்தி வழி வுட்டாங்கோ.”

எல்லோரும் ஒரு சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த சிஸ்டர் தன் ஜாக்கெட் கையைப் பார்த்தாள்.

“பெருக்கிகினு இருந்த அம்மா கதவப் புடிச்சிகினாங்கோ. லிஃப்டு அண்ணாத்தே, ‘உள்ள ஒரே புழுக்கமா கீதும்மா, கொழந்தைக்கு ஆவாது, பின்னாடி படில போ, காத்து வரும்’னாரு. அதான் அப்படிக்கா வந்தேன்.”

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இவருதான் கேட்டாரு” என்று சரசா துலுக்கானத்தைக் காட்டினாள். “இவரு ஒருத்தருதான்.”

கைதட்டினார்கள். ராஷித் படம் போட்டு, அம்புக்குறி போட்டு இரண்டு நாள் நடத்திய வகுப்பில் புரியாதது இந்த அம்மா பேசியதில் புரிந்துவிட்டது என்று ஆயாக்கள் சொன்னார்கள். டாக்டர் தன் அறையிலிருந்து இரண்டு சால்வைகளை எடுத்துவரச் சொன்னார். ஒன்றைத் துலுக்கானத்துக்குப் போட்டார். இன்னொன்றைச் சரசாவுக்குப் போட்டார். வெள்ளானூர்ப் பேச்சை மறந்துவிடும்படி துலுக்கானத்தின் காதில் சொன்னார்.

துலுக்கானம் மறக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் நாலைந்து நாளாகச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசு, சால்வை போட்டதும் சும்மா இருந்துவிடுமா?

முதலில், போட்டோ எடுக்கும்போது அந்த அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அடுத்து, சமோசாவும் டீயும் வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதுவரை இந்த ஆஸ்பத்திரிக்கு வகுப்பெடுக்க வந்த யாரும் சமோசாவை வேண்டாம் என்றதில்லை. ராஷித் போகும்போது இரண்டைக் காகிதத்தில் மடித்தும் எடுத்துப் போனவர். ராஷித்துக்கு வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் வரும். இந்த அம்மா வாயிலிருந்து ‘கோட் பிங்க்’ என்றுகூட வரவில்லை.

“மேடத்துக்கு கம்பெனில எத்தினி வருஷமா வேல?” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனி?” என்றாள் சரசா.

பிறகு சட்டென்று, “நான் போறதுக்கு முன்னாடி அந்தக் கொழந்தைய ஒருவாட்டி பாத்துட்டு வரட்டா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“சும்மா. தூக்கினேன் இல்ல, மனசு கேக்கல.”

“தூங்குது” என்றார் துலுக்கானம்.

அவள் மாடிப்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலை நோக்கி நடந்தாள். வண்டி ஏற்பாடு செய்வதாக டாக்டர் சொன்னதற்கு, வெளியே ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டாள். எந்த ஆள்? எதற்காக உள்ளே வராமல் நிற்கிறது? கேட்டுக்கு வெளியே, மெட்ரோ தகடுகளை ஒட்டி ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இருபக்கமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். மழையும் இல்லை.

டாக்டரிடம் சொல்லலாமா, சொன்னால் செங்கல்லா என்று துலுக்கானம் யோசித்துக்கொண்டிருக்கும்போது, டாக்டரின் போன் அடித்தது.

டாக்டர் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

“ராஷித் பேசறார்” என்றார் போனை இறக்கி. “ரோட்டை மறிச்சிட்டாங்களாம். கரையான்சாவடியிலேயே வண்டி மாட்டிக்கிச்சாம். ஒத்திகையை நாளைக்கு வைச்சுக்கலாமான்னு கேக்கறார்.”

“அவங்க அனுப்பின மேடம்?”

“மேடம் யாரும் இல்லையாம். ஆம்பளையாம். மடியில பொம்மையோட ராஷித் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காராம்.”

தேவிப்பிரியா கையிலிருந்த சமோசாவைப் போட்டுவிட்டுச் சிம்ரனின் அறைக்கு ஓடினாள். குழந்தை இருந்தது. இருந்தாலும் அவள் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். திருட வந்தவளைப் பிடித்து, வகுப்பெடுக்கவைத்து, சால்வையும் போர்த்தி அல்லவா வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

துலுக்கானம் டாக்டரைப் பார்த்தார்.

“ஊதுங்க துலுக்கானம்” என்றார் டாக்டர்.

இத்தனை நாள் ஊதியதெல்லாம் ஊதலே இல்லை. ஊதிக்கொண்டே ஓடினார். சரசா ஆட்டோவை நெருங்கிவிட்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்டோ டிரைவர் எதுவும் கேட்காமல் கையைத் தூக்கினார்.

“தப்பிக்க முடியாது” என்று மூச்சு வாங்கினார் துலுக்கானம். “கும்பல் மொத்தமும் எறங்கு.”

படுதாவை இழுத்துத் தூக்கினார். உள்ளே ஓர் இளைஞன், தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டோடு, ஒரு காலைச் சீட்டு முழுக்க நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் புது டவல் ஒன்றை விரித்து வைத்திருந்தான்.

“பாத்தீங்களா டாக்டர், புள்ளைய வாங்கிக்க ரெடியா துணி விரிச்சி வச்சிகினு கீறான்” என்றார் துலுக்கானம். மாவுக்கட்டும் பொய்யாக இருக்கும் என்று தோன்றவே, விரலை மடக்கி அதன் மேல் ஓங்கித் தட்டினார். இளைஞன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

ஆஸ்பத்திரியே வாசலுக்கு வந்துவிட்டது. சிஸ்டர்கள், ஆயாக்கள், லிஃப்ட்காரர், கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு ஒரு நோயாளி. டாக்டர் போலீசுக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். சரசா எல்லோருக்கும் நடுவில், கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். சரிகைச் சால்வை ஒரு பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது.

மாவுக்கட்டுக்காரன் வலி அடங்கி நிமிர்ந்தான். கூட்டத்தைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கடைசியில் சரசாவைப் பார்த்துக் கேட்டான்:

“இன்னாக்கா, ‘உன்னால மாடி ஏற முடியாது, உன் புள்ளைய நானே கீழ எடுத்தாந்து காட்டறேன்’னு சொல்லிட்டுப் போன, இப்ப பொன்னாடைய போத்திகினு வெறுங்கையோட வர்ற?”